திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு கடல் இருந்தது!
சேறு எழுதிவைத்த வெயில், மழைக் கணக்கு

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி, சித்திரை வீதி பக்கம் பழைய வீடுகளின் பூஜை அறையில், ஒரு சின்ன வெள்ளிச் சம்புடத்துக்குள் வழவழப்பான கறுப்புக் கல் ஒன்று இருக்கும். சாளக்கிராமம். தினமும் திருமஞ்சனம் செய்து, துளசி சாத்தி, அமுது படைப்பார்கள். நேபாளத்தின் கண்டகி நதியில் கிடைப்பது அது. கல்லின் துவாரத்துக்குள் தெரியும் சக்கர ரேகைதான் அதன் சிறப்பே.

அந்தச் சக்கரத்தைப் பற்றி நிலவியல் படித்தவர்களிடம் கேட்டால் இன்னொரு கதை சொல்வார்கள். அம்மோனைட் என்றொரு கடல் பிராணி இருந்தது. நத்தைபோலச் சுருண்ட ஓடு, அதற்குள் கணவாய் மீனைப்போல ஓர் உடல். டைனோசர்கள் மறைந்த காலத்தை ஒட்டி இந்த இனமும் பூண்டோடு அழிந்துவிட்டது. இமயமலை எழும்புவதற்கு முன் அங்கே இருந்த கடலின் சேற்றில் புதைந்த அம்மோனைட்டுகளின் அச்சுதான், சாளக்கிராமத்தில் நாம் பார்க்கும் சக்கரம். பக்திக்கும் இதற்கும் சண்டை ஒன்றும் இல்லை. இரண்டு கதைகளையும் சேர்த்தே சொல்லும் பாட்டிகளும் ஸ்ரீரங்கத்தில் இருக்கக்கூடும்.

இதில் ஆச்சர்யம், இதே குலத்தைச் சேர்ந்த ஓடுகளைப் பார்க்க நேபாளம் வரை போக வேண்டியதில்லை என்பதுதான். ஸ்ரீரங்கத்திலிருந்து காரில் ஒரு மணி நேரத் தூரம் போதும்!

காரை என்றொரு கிராமம்

சமயபுரம், சிறுகனூர் தாண்டி சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூர். அங்கிருந்து உள்ளே திரும்பினால் ஒருபக்கம் ஊட்டத்தூர், இன்னொருபக்கம் காரை. ஊட்டத்தூரைப் பலருக்கும் சுத்தரத்தினேசுவரர் கோயிலாலும், அங்குள்ள அபூர்வமான நடராஜர் சிலையாலும் தெரியும். ஆனால், உலகம் முழுக்க நிலவியல் மாணவர்கள் அந்த ஊரின் பெயரை வேறொரு காரணத்துக்காகப் படிக்கிறார்கள். இங்கே இருக்கும் கடல் படிவுகளுக்கு 'ஊட்டத்தூர் தொகுதி' என்றே பெயர். இதற்கு மேலே படிந்தவை 'திருச்சிராப்பள்ளித் தொகுதி', அதற்கும் மேலே 'அரியலூர்த் தொகுதி'. 1995-ல் மாவட்டம் பிரிந்ததில் காரை பெரம்பலூருக்குப் போய்விட்டது. புத்தகங்களில் மட்டும் எல்லாமே இன்னும் பழைய திருச்சிதான்.

காரை ஊருக்கு வெளியே மரம், செடி அதிகம் இல்லாத ஒரு வெளி. மழைநீர் அரித்து அரித்து நூற்றுக்கணக்கான ஓடைகளும் முகடுகளுமாக்கிய களிமண் பூமி. செம்பழுப்பு, மஞ்சள், சாம்பல் என்று நிறம் மாறிக்கொண்டே போகும். நடுநடுவே கண்ணாடிச் சில்லுபோல வெயிலில் மின்னுவது ஜிப்சம். மாவுக்கட்டுப் போடப் பயன்படுகிறதே, அதன் மூலப்பொருள். குனிந்து பார்த்தால் சிப்பி ஓடுகள், அம்மோனைட் துண்டுகள், சுண்டுவிரல் தடிமனில் துப்பாக்கித் தோட்டாபோலக் கூராக முடியும் கற்கள். இன்று இங்கிருந்து கடலுக்குப் போக நூறு கிலோமீட்டர் கிழக்கே பயணிக்க வேண்டும். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, நிற்கும் இடமே கடலின் அடித்தளம்.

அந்தத் தோட்டாக் கற்களைக் கொஞ்சம் கவனிப்போம். கட்டுரையின் கதாநாயகன் அதுதான்.

தெர்மாமீட்டர் இல்லாத காலத்து வெப்பநிலை

நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று வெள்ளையாக ஒன்று விற்பார்கள். உண்மையில் அது நுரையே அல்ல. கணவாய் மீனின் உடலுக்குள் இருக்கும் ஓடு. காரையில் கிடைக்கும் தோட்டாக் கல்லும் அதுபோல ஓர் உள் ஓடுதான். பெலம்னைட் என்ற, கணவாய்க்குத் தூரத்துச் சொந்தமான பிராணியின் வால்பக்கம் இருந்த கெட்டியான பகுதி. சுண்ணாம்பால் ஆனது. குறுக்கே அறுத்துப் பார்த்தால் மரத்தின் வளையங்கள்போல வட்டம் வட்டமாக வளர்ந்திருக்கும்.

சுண்ணாம்பில் ஆக்சிஜன் உண்டு. ஆக்சிஜனில் எடை குறைந்த அணு, எடை கூடிய அணு என்று வகைகள் இருக்கின்றன. கடல் பிராணி ஓடு கட்டும்போது தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தால், எடை கூடிய ஆக்சிஜன் ஓட்டில் சற்று அதிகமாகச் சேரும். வெதுவெதுப்பாக இருந்தால் குறையும். வித்தியாசம் மிக மிகச் சிறியது. ஆனால் அளந்துவிட முடியும். அளந்துவிட்டால், அந்தப் பிராணி நீந்திய தண்ணீரின் வெப்பநிலை தெரிந்துவிடும்!

இந்த யோசனை அமெரிக்க வேதியியல் விஞ்ஞானி ஹெரால்டு யூரியுடையது. கன ஹைட்ரஜனைக் கண்டுபிடித்ததற்காக 1934-ல் நோபல் பரிசு வாங்கியவர். 1951-ல் அவரும் சகாக்களும் இப்படி அளந்து காட்டியது எதை என்று நினைக்கிறீர்கள்? பெலம்னைட்டைத்தான். ஓட்டை மையத்திலிருந்து வளையம் வளையமாகச் சுரண்டி, ஒவ்வொரு தூளையும் தனித்தனியாகச் சோதித்தார்கள். வெப்பநிலை ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. அந்தப் பிராணி சுமார் நான்கு வருடம் வாழ்ந்து, ஒரு வசந்த காலத்தில் இறந்திருக்கிறது. இளமையில் அது இருந்த நீர், முதுமையில் இருந்ததைவிட வெதுவெதுப்பானது என்பது வரை சொன்னார்கள். டைனோசர் காலத்துக் கடல் பிராணி ஒன்றின் ஜாதகத்தையே கணித்துவிட்டார்கள் என்று வையுங்கள்.

அமெரிக்காவின் தென் கரோலினாவில் கிடைத்த பெலம்னைட் ஒன்றைத்தான் பிறகு உலக ஆய்வகங்கள் எல்லாம் 'பூஜ்யம்' என்று வைத்துக்கொண்டன. கடலோரம் உயரம் அளக்க, கடல் மட்டத்தைப் பூஜ்யமாக வைக்கிறோமே, அதுபோல. எடுத்து எடுத்துப் பயன்படுத்தியதில் அந்த மாதிரி தீர்ந்தே போய்விட்டது. அதற்கு ஈடாக வேறொன்றை வைத்துக்கொண்டு கணக்கைத் தொடர்கிறார்கள்.

சரி, நம் காரை பெலம்னைட் என்ன சொல்கிறது? ரஷ்ய, ஜப்பானிய, இந்திய ஆய்வாளர்கள் சேர்ந்து செய்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், அவை நீந்திய கடலின் மேல்மட்ட நீர் ஏறத்தாழ 15 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை இருந்ததாகக் கணித்திருக்கிறார்கள். இன்று வங்காள விரிகுடாவின் மேல்மட்ட நீர் 28 டிகிரியை ஒட்டி இருக்கிறது. அப்படியானால் அன்று திருச்சி வெயில் இல்லாத ஊரா? அப்படி அல்ல. அன்று திருச்சி இந்த இடத்திலேயே இல்லை! இந்திய நிலத்துண்டு அன்டார்க்டிகாவிலிருந்து பிரிந்து, பூமத்திய ரேகைக்குத் தெற்கே, இன்று நியூசிலாந்து இருக்கும் அளவு தொலைவில் மிதந்துகொண்டிருந்தது. அந்தப் பிளவில் புகுந்த கடல்தான் காரையில் சேற்றைப் படியவைத்தது. ஒரு விரல் நீளக் கல்லில், ஒரு துணைக்கண்டத்தின் பயணச் சீட்டே இருக்கிறது.

(மலைக்கோட்டைப் பாறையும் பழையதுதானே, அதில் எதுவும் இல்லையா என்று கேட்கலாம். அது காரைப் படிவுகளைவிட மிகமிகப் பழையது. ஆனால், பூமிக்கடியில் ஆழத்தில் வெந்து உருவானது. வெயிலும் மழையும் அதற்குள் போய்ப் பதியவே இல்லை. வெள்ளம், வறட்சி என்று எழுதிவைக்கச் சேறுதான் வேண்டும்.)

சேற்றிலிருந்து வானத்துக்குப் போனவர்

இந்தப் படிவுகளை முதலில் அடுக்கடுக்காகப் பிரித்து, மேலே சொன்ன மூன்று பெயர்களையும் கொடுத்தவர் ஹென்றி பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர். 1855-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தபோது அவருக்கு வயது 21 தான். அடுத்த வருடமே அண்ணன் வில்லியமோடு ஒடிசாவின் தால்சேரில் வேலை. அங்கே களிமண்ணுக்கு நடுவே பெரிய பெரிய உருண்டைக் கற்களைப் பார்த்துவிட்டு, இவற்றைப் பனிக்கட்டி கொண்டுவந்து போட்டிருக்க வேண்டும் என்று எழுதினார்கள். கொளுத்தும் ஒடிசாவில் பனியா என்று சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள். பிற்பாடு அதுவே சரி என்று ஆயிற்று. பிறகு தெற்கே வந்து தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களைச் சுற்றி அவர் எழுதிய அறிக்கை 1862-ல் வெளியானது.

இதன் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1875-ல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடங்கப்பட்டபோது, அதன் முதல் தலைவராக அமர்ந்தவர் இதே பிளான்ஃபோர்டு! ஊட்டத்தூர் களிமண்ணில் கடல் ஓடு பொறுக்கியவர், இந்தியா முழுமைக்கும் மழைக் கணக்கு எழுத உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த மறு வருடம் தாது வருடப் பஞ்சம். சென்னை மாகாணத்தையே சூறையாடிய பஞ்சம். அடுத்து எப்போது மழை பொய்க்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதுதான் அன்று அரசாங்கம் கேட்ட கேள்வி. இமயமலையில் பனி அதிகம் விழுந்தால் அந்த வருடம் பருவமழை குறையும் என்று 1884-ல் அவர் எழுதினார். பருவமழை முன்னறிவிப்பின் ஆரம்பம் அதுதான்.

ஆனால், முறையான மழைக் கணக்கு நம் கையில் இருப்பது சுமார் 150, 200 வருடங்களுக்குத்தான். தாது வருடம் மாதிரி ஒரு பஞ்சம் ஆயிரம் வருடத்தில் எத்தனை முறை வரும்? 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடம் பக்க மதகுகளில் ஒன்பதை அடித்துக்கொண்டு போன வெள்ளம் அபூர்வமானதா, அல்லது நம் நினைவு குறுகியதா? 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டிய அணை அது. அவர் கையில் இருந்த மழைக் கணக்கு நம்முடையதைவிடவும் சொற்பம். இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல 10 கோடி வருடப் பழைமை வேண்டாம். கடந்த சில ஆயிரம் வருடச் சேறு போதும். அது எங்கே இருக்கிறது?

ஆடிப்பெருக்குத் தண்ணீரின் நிறம்

ஆடிப் பதினெட்டுக்கு அம்மா மண்டபம் படித்துறையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், புதுத்தண்ணீர் தெளிவாக வராது. கலங்கித்தான் வரும். காதோலை, கருகமணி, காப்பரிசியோடு நாம் கும்பிடுவது அந்தக் கலங்கலைத்தான். குடகு மலையும் நீலகிரியும் கரைந்து வருகிற மண் அது. வழியில் வயலில் தங்கியது வண்டல். மிச்சம் கடலுக்கு. ஆயிரக்கணக்கான ஆடிகளில் அப்படி வந்து படிந்ததுதான் ஸ்ரீரங்கம் தீவும், கல்லணைக்குக் கீழே விரியும் டெல்டாவும். 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு வண்டலில் கணிசமான பங்கு அங்கேயே தங்கிவிடுகிறது. அது தனிக் கதை.

காவிரியின் மேல்மடையிலேயே ஒரு நல்ல ஏடு கிடைத்திருக்கிறது. நீலகிரி மழைநீரில் பெரும்பகுதி மோயாறு, பவானி வழியாகக் காவிரிக்குத்தான் வருகிறது. அந்த மலையின் சதுப்புப் பள்ளங்களில், செத்த புல்லும் இலையும் மக்காமல் கறுப்பாக அடுக்கடுக்காகச் சேர்ந்திருக்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமார், அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் ஆர்.ரமேஷ் உள்ளிட்டோர் ஊட்டி அருகே சாண்டிநல்லாவில் இதைத் தோண்டி எடுத்து, 1993-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். யானை ஆராய்ச்சிக்குப் பேர்போன அதே சுகுமார்தான்.

அவர்கள் பார்த்தது கார்பன் அணுக்களை. நெல், மரங்கள் எல்லாம் ஒரு மாதிரி கார்பனைச் சேர்க்கும். சோளம், கரும்பு, வறண்ட இடத்துப் புற்கள் வேறு மாதிரி சேர்க்கும். மக்கிப்போய் 20,000 வருடம் ஆனாலும் அந்த வித்தியாசம் அழியாது. சுமார் 20,000 வருடங்களுக்கு முன், உலகின் வடபகுதியைப் பனி மூடியிருந்தபோது, நீலகிரியில் வறட்சி தாங்கும் புல் ஓங்கியிருந்தது. அதாவது, பருவமழை மெலிந்திருந்தது. பனியுகம் முடிந்ததும் மழை வலுத்து, ஈரம் விரும்பும் செடிகள் பெருகின. பின்னர் சில ஆயிரம் வருடங்களில் மறுபடி வறட்சி. காவிரியின் தண்ணீர் என்றுமே ஒரே அளவில் வந்ததில்லை.

கடலடிச் சேறும் இதை ஆமோதிக்கிறது. 2006-ல், கடலடியில் எரிவாயு தேடிய இந்தியத் திட்டத்துக்காக ஒரு துளையிடும் கப்பல் கோதாவரி முகத்துவாரத்துக்கு வெளியே நீளமான சேற்றுத் தூண் ஒன்றை எடுத்தது. இலைகளின் மேல் மெழுகுப்பூச்சு இருக்கும், வாழை இலையில் தண்ணீர் உருண்டோடக் காரணமே அதுதான். அந்த மெழுகை ஆறு கடலில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. அதைப் பிரித்துப் படித்து, சுமார் 4,000 வருடங்களுக்கு முன்பிருந்து தக்காணம் படிப்படியாக வறண்டது என்றும், சுமார் 1,700 வருடங்களுக்கு முன் அது இன்னும் கூடியது என்றும் 2012-ல் சொன்னார்கள். எரிவாயு தேடப் போய் மழை வரலாறு கிடைத்தது!

ஏரிகள் என்ன சொல்லும்?

நம் ஊர் ஏரி, குளங்களில் இதைச் செய்யலாமே என்று தோன்றும். சில இடங்களில் முடியும். எல்லா ஏரியும் உதவாது. கோடையில் காய்ந்து வெடித்து, மாடு மிதித்து, வருடா வருடம் வண்டல் அள்ளிய ஏரியில் அடுக்குகள் கலந்துபோயிருக்கும். பக்கம் எண் இல்லாமல் கலைந்த நோட்டுப் புத்தகம்போல. ஆனால், சோழர் காலத்து வீராணம், கங்கைகொண்ட சோழபுரத்துப் பொன்னேரி மாதிரி பெரிய நீர்நிலைகளில் எங்காவது ஒரு மூலையில் கலையாத ஆழம் இருந்தால் அது பொக்கிஷம். முதலாம் பராந்தகன் காலத்திலிருந்து கொள்ளிடத் தண்ணீர் வீராணத்துக்கு எப்படி வந்தது, எந்த வருடங்களில் வரவில்லை என்பதற்குச் சாட்சி வேறு எதுவும் இவ்வளவு நேரடியாக இருக்காது. தூர்வாருவதைத் தடுக்கச் சொல்லவில்லை. விவசாயிக்கு ஏரியில் தண்ணீர் வேண்டும், வயலுக்கு வண்டல் வேண்டும். இயந்திரம் இறங்குவதற்கு முந்தைய நாள் ஒரு குழாயைச் செருகி, ஒரே ஒரு சேற்றுத் தூணை எடுத்து வைத்தால் போதும். செலவும் பெரிதில்லை.

உறையூர்க்காரர்களுக்கு மண்மாரிக் கதை தெரியும். ஈசன் கோபத்தில் மண் மழையாகப் பொழிந்து ஊரே மூடிப்போக, மக்களுக்கு வீடு கிடைக்கும்வரை தனக்கும் கூரை வேண்டாம் என்று வெக்காளியம்மன் வெட்டவெளியில் அமர்ந்துவிட்டாள். காவிரிக் கரையில் வாழ்ந்தவர்கள் மண் வந்து ஊரை மூடும் என்ற பயத்தைக் கதையாக வைத்திருக்கிறார்கள் என்பதே கவனிக்க வேண்டியது. அப்படி ஒரு நிகழ்வு நடந்ததா, எப்போது என்பதற்கு உறையூரின் மண்ணடுக்குதான் பதில் சொல்ல வேண்டும். ஆற்றோரத்தில் எல்லை மீறி மணல் அள்ளும்போது போவது நிலத்தடி நீர் மட்டும் அல்ல, இந்தப் பதில்களும்தான்.

முகவரி இல்லாத கடிதம்

மறுபடி காரைக்கு வருவோம். இணையத்தில் படங்கள் பரவிய பிறகு விடுமுறை நாள்களில் காரைக்குக் குடும்பமாகப் போகிறார்கள். நல்ல விஷயம். திரும்பும்போது பலர் கையில் ஒரு பை இருக்கிறது. அதுதான் நல்லதில்லை.

ஒரு பெலம்னைட்டுக்கு மதிப்பு அது கிடந்த அடுக்கால் வருவது. மேல் அடுக்கு பிந்திய காலம், கீழ் அடுக்கு முந்திய காலம். எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று தெரிந்தால்தான், அது சொல்லும் வெப்பநிலை எந்தக் காலத்துக்கு உரியது என்று தெரியும். எடுத்துப் பையில் போட்ட நொடியில் அது வெறும் கல். டி.வி ஸ்டாண்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது குப்பைக்குப் போய்விடும். மழை அரித்து ஏற்கெனவே கீழே உருண்டு கிடப்பவைதானே என்றும் சிலர் சொல்கிறார்கள். அவையும் எந்த அடுக்குக்குக் கீழே கிடக்கின்றன என்பது ஆய்வாளருக்கு ஒரு தடயம். பள்ளி, கல்லூரிச் சுற்றுலாக்களில் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளச் சொல்லும் வழக்கத்தை நிறுத்தினாலே பாதிப் பிரச்னை தீரும் என்பது என் கருத்து.

இப்படிப்பட்ட இடங்களையும் புதைபடிவங்களையும் பாதுகாக்க மத்திய சுரங்க அமைச்சகம் 2022-ல் ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டு மக்களிடம் கருத்து கேட்டது. காரைக்கு இது எவ்வளவு அவசரம் என்பது ஒரு மழைக்காலம் கழித்துப் போனாலே தெரியும். அரிப்பு ஒருபக்கம், அரியலூர் பக்கம் சிமென்டுக்காகத் தோண்டும் சுண்ணாம்புச் சுரங்கங்கள் இன்னொருபக்கம். சுரங்கம் தோண்டியதால்தான் பல அடுக்குகள் கண்ணுக்கே தெரியவந்தன என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. நாம் வீடு கட்டிய சிமென்டிலும் அந்தக் கடலின் சிப்பிகள் அரைபட்டிருக்கலாம்.

போகிறவர்கள் கவனத்துக்கு

காரையில் நிழல் கிடையாது. காலை ஒன்பதுக்குள் போய்விட்டுத் திரும்புவது நல்லது. மழை பெய்த மறுநாள் போகாதீர்கள், களிமண் வழுக்கும். முகட்டு விளிம்பில் நின்று செல்ஃபி வேண்டாம். கல்லை எடுக்காமல், பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். அளவு தெரியும்.

அங்கிருந்து சாத்தனூர் கல்மரப் பூங்கா பக்கம்தான். நிலவியல் அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன் 1940-ல் உலகுக்குச் சொன்ன, 18 மீட்டர் நீளமுள்ள கல்லாகிப்போன அடிமரம் அங்கே படுத்திருக்கிறது. தேசிய நிலவியல் நினைவுச்சின்னம் அது. ஆற்றோடு வந்து, காரைக் கடலின் சேற்றில் புதைந்த மரம். இன்னும் நேரம் இருந்தால் அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. குழந்தைகளுக்குக் கையில் பிடித்துப் பார்க்க ஆசையாக இருக்கும். முதல் நாளே நாட்டு மருந்துக் கடையில் பத்து, இருபது ரூபாய்க்குக் கடல் நுரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெலம்னைட்டின் பக்கத்தில் அதை வைத்துக் காட்டினால் சொந்தம் புரிந்துவிடும்.